ஒத்தாசை வரும்: பிஸ்கட் டப்பாவில் விழுந்த கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாய் விரித்துப் பதினைந்து, இருபது பேர் உட்காருவோம். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் அதன்மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும் இருக்கும். பெயர் எழுதாமல் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி அதில் போடலாம். காயீனுக்கு மனைவி எங்கிருந்து கிடைத்தாள் என்பது மாதிரி கேள்விகள் வரும் என்றுதான் டப்பாவை வைத்தேன். அப்படி ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் கோபம், பொறாமை, தூக்கம், போன், மாத்திரை. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் நான், இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். அப்படியென்றால் நான் ஒன்றும் செய்ய வேண்டாமா?

121ஆம் சங்கீதத்தை நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லும். "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." அந்த 'ஒத்தாசை' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கல்யாண வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கும்போதே "ஒத்தாசைக்கு ரெண்டு பேர் வாங்க" என்று கூப்பிடுவோம். வேலை செய்கிறவருக்குத்தான் ஒத்தாசை. திண்ணையில் படுத்திருக்கிறவருக்கு யாரும் ஒத்தாசைக்குப் போவதில்லை.

அந்தச் சங்கீதமே நடந்துபோகிறவன் பாடியது. 120 முதல் 134 வரை உள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள், எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப்போகிறவர்களின் வழிநடைப் பாட்டுகள். "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்ற வாக்கு காலை எடுத்து வைத்து நடக்கிறவனுக்குத்தான் தேவை.

எங்கள் சபையில் முன்பு போதகராக இருந்த ஐயர் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னது இன்னும் மறக்கவில்லை. "ஆவியானவரும் நமது பலவீனங்களில் நமக்கு உதவிசெய்கிறார்" என்று ரோமர் 8:26 சொல்கிறதே, அதில் வரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. எங்கே தெரியுமா? மார்த்தாள் அடுக்களையில் தனியாக அல்லாடிவிட்டு இயேசுவிடம் வந்து, "எனக்கு உதவிசெய்யும்படி அவளுக்குச் சொல்லும்" என்று தன் சகோதரி மரியாளைப் பற்றி முறையிடுகிற இடத்தில். பாரத்தின் மறுபக்கத்தைக் கூடப் பிடிப்பது என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தமாம். நிறைந்த தண்ணீர் அண்டாவை ஒருத்தியாகத் தூக்க முடியாது. எதிர்ப்பக்கக் காதை இன்னொருத்தி பிடித்தால் நகரும். நீங்கள் உங்கள் பக்கத்துக் காதை விட்டுவிட்டால் அண்டா சாயும்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். ராத்திரி போனை எடுத்தால் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறேன். காலையில் அழுது ஜெபிக்கிறேன். ராத்திரி மறுபடியும் அதேதான். என்னை ஒரேயடியாக விடுதலையாக்கும்படி கேட்கக்கூடாதா?

கேளுங்கள் தம்பி. (கையெழுத்தைப் பார்த்தால் தம்பி என்றுதான் தோன்றுகிறது. தங்கையாக இருந்தாலும் பதில் இதேதான்.) அப்படி ஒரே நாளில் விடுதலை பெற்றவர்கள் உண்டு. ஆனால் அப்படி நடக்கவில்லை என்பதற்காகக் கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் ஆகாரமாகத் தந்த மன்னாவை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஓர் ஓமர் அளவு, அதுவும் அன்றைக்கு மட்டும். நாளைக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்களுக்குக் காலையில் புழு நெளிந்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் இரண்டு பங்கு. நாற்பது வருஷம் ஒரு ஜனத்தையே அன்றாடப்படியில் வளர்த்தவர் அவர். உங்களுக்கும் இன்றைய ராத்திரிக்கான பெலனை இன்றைக்குத் தருவார். நாளை ராத்திரியின் பெலன் இப்போதே கையில் இல்லையே என்று பயப்படுவது, புதன்கிழமைச் சோறு திங்கட்கிழமையே தட்டில் இல்லையே என்று அழுவது மாதிரிதான்.

இனி, விழுகிற இடத்துக்கு வருவோம். 1 கொரிந்தியர் 10:13 உங்களுக்குத் தெரிந்திருக்கும். "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்." போக்கு என்றால் வெளியே போகும் வழி, வாசல். வாசலை அவர் திறந்து வைப்பார், நடந்து வெளியேறுவது நம் கால்தான். எஜமான் போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பு அங்கேயே நின்று உபவாச ஜெபம் பண்ணவில்லை. மேல்வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

உங்கள் வாசல் எது? சார்ஜர் எங்கே இருக்கிறது? கட்டிலுக்குத் தலைமாட்டில் என்றால், இன்றைக்கே அதைக் கழற்றிக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஒன்பதரைக்குப் போன் அங்கே தூங்கட்டும். காலையில் எழுந்திருக்க மலிவாகவே அலாரம் கடிகாரம் கிடைக்கிறது. இதெல்லாம் ஆவிக்குரிய காரியமா என்று கேட்பீர்கள். நெகேமியா 4:9ஐ எடுத்துப் பாருங்கள். எருசலேமின் மதிலைக் கட்டினவர்கள் எதிரிகள் மிரட்டியபோது தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் ஜாமக்காரரையும், அதாவது காவல்காரரையும், வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. சார்ஜரை இடம் மாற்றுவதுதான் நீங்கள் வைக்கிற ஜாமக்காரன்.

விழுந்த மறுநாள் காலை ஜெபத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். "விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதியவர் பவுல். அதை எழுதிவிட்டு அவர் ஊழியத்தை விட்டுப் போகவில்லை. வெட்கப்பட்டு நாலு நாள் ஒளிந்துகொள்கிறோமே, அந்த நாலு நாளில்தான் சேதம் அதிகம்.

ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

கெத்செமனேயில் பேதுருவுக்கும் வந்தது. "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று ஆண்டவர் அங்கே சொன்னதில் கண்டிப்பும் உண்டு, பரிவும் உண்டு. எழுந்து நடந்துகொண்டே ஜெபியுங்கள். வாய்விட்டு ஜெபியுங்கள். பதினொரு மணிக்குமேல் முழங்கால் போட்டால் நெற்றி கட்டிலில் முட்டத்தான் செய்யும். அந்த நேரத்தில் தூங்கிவிட்டுக் காலையில் ஜெபிப்பது நல்லது.

தூக்கமில்லாமல் வெறும் சலிப்பு என்றால் அது வேறு வகை. நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாக்ரியஸ் என்ற துறவி இதைப் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். முற்பகலில் ஆரம்பிக்கும். சூரியன் நகரவே நகராது. ஒரு நாள் ஐம்பது மணி நேரம் மாதிரி நீளும். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொல்லும். எந்தச் சகோதரனாவது பேச வருகிறானா என்று தேடச் சொல்லும். 91ஆம் சங்கீதத்தின் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" இதுதான் என்று அந்தத் துறவிகள் எடுத்துக்கொண்டார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேதத்தைத் திறந்து வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் யாராவது ஏதாவது அனுப்பியிருக்கிறார்களா என்று நான் பார்க்கிறேனே, அதுதானே இது? ஆயிரத்து அறுநூறு வருஷத்தில் ஜன்னல்தான் மாறியிருக்கிறது. அவர்கள் சொன்ன மருந்து பெரிதாக ஒன்றுமில்லை: அறையை விட்டு எழுந்து போகாதே. பத்து நிமிஷம் என்று வைத்திருந்தால் பத்து நிமிஷம் முடிகிறவரை அந்த நாற்காலியிலேயே இருங்கள். ருசியில்லாத ஜெபமும் ஜெபந்தான்.

நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்துவரை வேலை. கைக்குழந்தை வேறு. ஜெபத்துக்கு எங்கே நேரம், டீச்சர்? குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

மகளே, முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வை. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கச் சொல்லிப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் பலருக்கும் நாலு மணிக்குப் பால் கொடுக்க வேண்டியதில்லை.

நெகேமியா பானபாத்திரக்காரன். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறார். அந்தக் கேள்விக்கும் இவன் பதிலுக்கும் நடுவில் "பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" என்று இருக்கிறது. எத்தனை நொடி இருந்திருக்கும்? பேதுரு தண்ணீரில் முங்கும்போது சொன்னதும் "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்ற மூன்று வார்த்தைதான். அதற்குமேல் நீட்டியிருந்தால் வாயில் தண்ணீர் போயிருக்கும்.

எகிப்துத் துறவிகளிடம் போய்ப் படித்துவந்த ஜான் காசியன், நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்க ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிக் கொடுத்தார். 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." சாப்பிடும்போது, தூக்கம் வராதபோது, கோபம் வரும்போது, பெருமை வரும்போது, எல்லாவற்றுக்கும் இதே ஜெபம். கத்தோலிக்கர்களின் அன்றாட ஜெபமாகிய திருப்புகழ்மாலை இன்றைக்கும் இந்த வசனத்தின் சாயலில்தான் தொடங்குகிறது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். குக்கர் ஒவ்வொரு விசில் அடிக்கும்போதும் இந்த வசனத்தை ஒருமுறை சொல்வேன். பருப்புக்கு நாலு விசில், நாலு ஜெபம். மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் விசிலுக்குக் காத்திருக்காமலும் பலமுறை சொல்ல வேண்டி வந்தது.

புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் "உன் எல்லையைச் சமாதானமுள்ளதாக்குவேன்" என்ற கருத்தில் வசனம் வந்தது. அந்த வருஷம்தான் சொத்துத் தகராறு கோர்ட்டுக்குப் போனது. கர்த்தருடைய வார்த்தை பொய்யா?

டிசம்பர் 31 நடுராத்திரியில் நானும் தட்டிலிருந்து அட்டை எடுக்கிறவள்தான், அதனால் கேலி செய்யமாட்டேன். ஆனால் அட்டை லாட்டரிச் சீட்டு இல்லை. ஒரு வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து கத்தரித்து, பூப்படம் போட்டு அச்சடித்தவர் அச்சகத்துக்காரர். அந்த வசனம் யாரிடம், எந்த நிலைமையில், எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அட்டையில் இருக்காது. நீங்கள் எடுத்த வசனம் 147ஆம் சங்கீதத்திலிருந்து வந்திருக்க வேண்டும். "அவர் உன் எல்லைகளைச் சமாதானமுள்ளவைகளாக்கி" என்பது எருசலேம் பட்டணத்தைப் பார்த்துச் சொன்னது. அதே சங்கீதத்தில் "இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார்" என்பதும் இருக்கிறது. கோர்ட்டு வாசலில் நிற்கிற வருஷத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த வரியாகவும் இருக்கலாம். அட்டையை எறிய வேண்டாம். வேதத்தைத் திறந்து அந்த முழுச் சங்கீதத்தையும் வாசித்துவிட்டு, அட்டையை அந்தப் பக்கத்திலேயே வையுங்கள்.

மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் அவிசுவாசம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

மாத்திரையைச் சாப்பிடுங்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

1 இராஜாக்கள் 19ஐ அந்த உறவினர் மெதுவாக வாசிக்கட்டும். கர்மேலில் அக்கினியை இறக்கின எலியா, அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் கோபப்படவில்லை, இரண்டாந்தரம் வந்து மறுபடி சாப்பிடச் சொன்னான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று காரணமும் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசிய மெல்லிய சத்தம் கேட்டது இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் வந்த ஒத்தாசை அடை, தண்ணீர், தூக்கம். சிலருக்கு அதோடு மாத்திரையும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் வெள்ளிக்கிழமைவரை காத்திருந்து சீட்டு எழுத வேண்டாம். 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

எனக்கு வரும் சோதனை எல்லாமே பிசாசினாலா?

இல்லை. சிலது பிசாசு, சிலது நம்முடைய "சுய இச்சை" (யாக்கோபு 1:14), சிலது ராத்திரி சரியாகச் சாப்பிடாததால் வரும் எரிச்சல். எல்லாப் பழியையும் அவன்மேல் போட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளிடம் நாம் போகவேமாட்டோம்.

சபையில் மற்றவர்கள் சாட்சி சொன்னால் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிகிறது. இதற்குக்கூடவா கர்த்தரிடம் உதவி கேட்பது?

இதற்குத்தான் முதலில் கேட்க வேண்டும். 73ஆம் சங்கீதத்தில் ஆசாப் வெளிப்படையாக "பொறாமைகொண்டேன்" என்கிறார். அவராவது துன்மார்க்கரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். நமக்கு வருவது பக்கத்து பெஞ்சில் உட்காரும் நல்ல மனுஷியைப் பார்த்து. அது இன்னும் அசிங்கமாக இருப்பதால் யாரிடமும் சொல்வதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். என் மகனுக்கு வேலை தள்ளிக்கொண்டே போன வருஷம், பக்கத்துத் தெரு அக்காவின் மகளுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. அறுப்பின் பண்டிகையில் அந்த அக்கா சாட்சி சொன்னபோது நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். கேட்காத மாதிரி. வீட்டுக்கு வந்து, "ஆண்டவரே, எனக்கு அந்த அக்கா முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஏதாவது செய்யும்" என்று ஜெபித்தேன். அழகான ஜெபமில்லை. மனம் அப்படியே மாறிவிடும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. மூன்றாம் நாள் அந்த அக்காவே கதவைத் தட்டினார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாங்க் பாரம். "டீச்சர், மகள்தான் எப்பவும் எழுதித் தருவா. அவ போன பிறகு இதை யார்கிட்டக் கொண்டுபோக?" என்றார்கள். பேனாவைப் பிடித்திருந்த அவர்கள் விரல் நடுங்கியது. கணவர் இல்லை, இருந்த ஒரே பெண்ணும் விமானம் ஏறப்போகிறாள். சாட்சி சொன்ன அன்றைக்கு அவர்கள் குரல் ஏன் தழுதழுத்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். பொறாமை போயேவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பல் உடைந்துவிட்டது. மகனுக்கு வேலை கிடைக்க அதற்குப் பிறகும் பதினான்கு மாதம் ஆயிற்று.

என் போராட்டத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஆனால் சொன்னால் அது "ஜெபக்குறிப்பு" ஆகி ஊரெல்லாம் சுற்றுகிறது.

உண்மை. வதந்திக்கு முக்காடு போட்டு 'ஜெபக்குறிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் கூட்டத்திலும் ஒருமுறை நடந்தது. அதனால்தான் டப்பாவில் போடும் சீட்டில் பெயர் எழுத வேண்டாம் என்றேன்.

இருந்தாலும் தனியாகப் போராடாதீர்கள். யுத்தத்தின்போது உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஜனம் முழுவதும் திரண்டு வந்து தாங்கவில்லை. உட்கார ஒரு கல், இந்தப் பக்கம் ஆரோன், அந்தப் பக்கம் ஊர் என்ற பெயருள்ள மனுஷன். இரண்டு பேர் போதும். ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லாதவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவரிடம் போங்கள்.

மூன்று வருஷமாக ஜெபித்தும் வியாதி நீங்கவில்லை. எங்கள் விசுவாசத்தில் குறையா?

பவுல் தம் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய பாடு நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". பவுலின் விசுவாசத்தைக் குறை சொல்ல யாருக்குத் தைரியம்?

நம் பக்கத்து ஊர் டோனாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊழியம் செய்த மிஷனரி எமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலும்தான். ஜெபிக்க ஆளில்லாத இடமா அது? அந்த அறையிலிருந்தே எழுதினார், வருகிறவர்களிடம் பேசினார். தம் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது. ஏன் சுகம் கிடைக்கவில்லை என்று எனக்கு விளக்கத் தெரியாது. விளக்குகிறவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உதவி கேட்கிற அளவுக்குக்கூட நம்பிக்கை இல்லை என்றால்?

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." மாற்கு 9:24. ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னது. அந்த அரைகுறை விசுவாசத்துக்கே அவன் பிள்ளை சுகமானான்.

எங்கள் வீட்டுக்குத் தாத்தா 'எபெனேசர்' என்று பெயர் வைத்தார். உள்ளே தினமும் சண்டை. அந்தப் பெயரைப் பார்த்தாலே வெட்கமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

நம் ஊரில் தெருவுக்கு ஓர் எபெனேசர் இருக்கும். உதவியின் கல் என்று அர்த்தம். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சாமுவேல் கல்லை நிறுத்திய 1 சாமுவேல் 7:12தான் எல்லாருக்கும் நினைவு. மூன்று அதிகாரம் பின்னால் போங்கள். 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கின இடத்தின் பெயரும் எபெனேசர்தான். அங்கே பெலிஸ்தரோடு நடந்த யுத்தத்தில் நாலாயிரம் பேர் விழுந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவந்தால் ஜெயித்துவிடலாம் என்று தாயத்து மாதிரி அதைத் தூக்கிவந்தார்கள். இன்னும் முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோயிற்று. பிறகு இருபது வருஷம் கழித்து, அந்நிய தேவர்களை விலக்கி, உபவாசித்து, "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று மிஸ்பாவில் அழுத ஜனத்துக்குத்தான் ஒத்தாசை வந்தது. ஜெயித்த பின் நட்ட கல்லுக்குச் சாமுவேல் தோற்ற இடத்தின் பெயரையே வைத்தார். வேறு பெயரா கிடைக்கவில்லை?

பெயர்க்கல்லை எடுக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரிடம் போய் "நான் பேசியது தப்பு" என்று சொல்ல வேண்டுமோ, அவர் தூங்கப் போவதற்குள் சொல்லிவிடுங்கள்.